கல்லறையை வானாய்வகம் ஆக்காதீர்கள்: தமிழில் அறிவியல் காணொளி செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள காணொளிப் படைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

மார்கழி பிறந்து டிசம்பர் 21 நெருங்கினால் போதும், உங்களில் யாராவது ஒருவர் நியூகிரேஞ்ச் பற்றி ஒரு காணொளி போட்டுவிடுகிறீர்கள். பச்சைப் புல்மேட்டின் மேல் டிரோன் பறக்கும். இருட்டுக்குள் ஒரு பொன்னிற ஒளிக்கோடு நீளும். பின்னணியில் திகில் இசை. "ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இவ்வளவு துல்லியமான வானாய்வகமா? இவங்களுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டுவிட்டு, கடைசி இரண்டு நிமிடத்தில் வேற்றுக்கிரகவாசி, எகிப்து, குமரிக்கண்டம் மூன்றில் ஒன்றைக் கைகாட்டி முடிப்பீர்கள்.

மொட்டைமாடியில் தொலைநோக்கியும் கையுமாகத் திரிகிற கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். வானவியல் பற்றித் தமிழில் யார் பேசினாலும் உட்கார்ந்து முழுதாகப் பார்ப்பவன். அந்த உரிமையில் எழுதுகிறேன். நீங்கள் காட்டும் ஒளிக்கோடு உண்மை. அதற்கு நீங்கள் வைக்கும் பெயர்தான் தவறு. அது ஆய்வகம் இல்லை, கல்லறை. இந்த ஒன்றைச் சரியாகச் சொன்னால், 'யார் சொல்லிக் கொடுத்தது' என்ற கேள்வியே தேவைப்படாது.

நியூகிரேஞ்சிலிருந்தே தொடங்குகிறேன். அயர்லாந்தின் மீத் கவுண்டியில், பாய்ன் ஆற்று வளைவில் இருக்கிறது. கி.மு. 3200 வாக்கில் கட்டியது. கீசாவின் பெரிய பிரமிடுக்கு அறுநூறு ஆண்டுகள் மூத்தது. சுமார் 85 மீட்டர் விட்டமுள்ள மேடு, அதைச் சுற்றி 97 கற்கள், உள்ளே 19 மீட்டர் நீள நடைவழி, அதன் முடிவில் ஓர் அறை. கற்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி அடுக்கிக் கூரையை மூடியிருக்கிறார்கள். அறைக்குள் எரித்ததும் எரிக்காததுமாகக் குறைந்தது ஐந்து பேரின் எலும்புகள் கிடைத்தன. உங்கள் காணொளிகளில் இந்த எலும்புகள் வருவதே இல்லை.

கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியின் பேராசிரியர் மைக்கேல் ஓ'கெல்லி 1962 முதல் 1975 வரை அங்கே அகழாய்வு செய்தார். வருஷத்தில் ஒருநாள் வெயில் உள்ளே வரும் என்று அக்கம்பக்கத்து ஜனங்கள் அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்துச் சூரியோதயக் கதையைக் கேட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள் என்றுதான் முதலில் அவர் நினைத்தார். ஆனால் வாசலின் மேற்கல்லுக்கு மேலே பெட்டி போன்ற ஒரு திறப்பு இருந்தது. வாசல் ஏற்கனவே இருக்கும்போது, அதன் தலைக்கு மேல் இன்னொரு துளை எதற்கு? 1967 டிசம்பர் 21 காலையில் தனியாக உள்ளே போய் நின்றார். சூரியன் எழுந்தது. அந்தத் திறப்பு வழியாக ஒளி புகுந்து நடைவழியில் ஓடி அறையின் தரையைத் தொட்டது. சுமார் 17 நிமிடம் இருந்து, மெல்லச் சுருங்கி, மறைந்தது.

இதுவரை நீங்களும் சொல்கிறீர்கள். இதற்கு அடுத்ததைச் சொல்வதில்லை. வாசலைப் பெரிய பலகைக்கல் ஒன்றால் அடைத்து வைத்திருந்தார்கள். மேல் திறப்பை மூட வெண்படிகக்கல் கட்டைகள் இருந்தன. அவற்றை இழுத்துத் தள்ளிய கீறல்கள் அடிக்கல்லில் பதிந்திருந்ததை ஓ'கெல்லி குறித்து வைத்திருக்கிறார். கதவை அடைத்த பிறகும் வெயிலுக்கு மட்டும் ஒரு வழி விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பார்க்கிறவனை வெளியே நிறுத்திவிட்டு ஒளியை மட்டும் உள்ளே அனுப்பும் கட்டடத்தை ஆய்வகம் என்று எப்படிச் சொல்வது? அந்த ஒளி உள்ளே கிடந்தவர்களுக்காக வந்தது. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. நீங்கள் சொல்கிற 'துல்லியம்' இதற்குப் பக்கத்தில் கூட வராது.

அந்தத் துல்லியத்தையும் பார்த்துவிடலாம். ஆண்டின் மிகக் குறுகிய பகலையொட்டிச் சூரியன் உதிக்கும் இடம் கிட்டத்தட்ட நகர்வதே இல்லை. அதனால் டிசம்பர் 21-க்கு முன்னும் பின்னும் சில நாள் ஒளி அந்த அறைக்குள் வந்துகொண்டுதான் இருக்கும். 'இன்றுதான் கதிர்த்திருப்பம்' (சூரியன் திசை திரும்பும் நாள்) என்று நாளைக் கறாராகச் சொல்ல அது உதவாது. நாள் குறிக்க வேண்டுமென்றால் இரண்டு குச்சியும் தூரத்தில் ஒரு மலைமுகடும் போதும், இரண்டு லட்சம் டன் கல்லும் மண்ணும் எதற்கு? ஆனால் திசை தற்செயல் இல்லை என்பதும் உறுதி. 1974-இல் ஜான் பேட்ரிக் என்ற ஆய்வாளர் அளந்து, அமைப்பு கட்டிய காலத்திலிருந்தே அப்படித்தான் என்று காட்டினார். 1989-இல் டாம் ரே பூமியின் அச்சுச் சாய்வையும் கணக்கில் சேர்த்தார். அன்று சாய்வு 24 பாகை, இன்று 23.4. இந்தச் சின்ன வித்தியாசத்தால் இப்போது சூரியன் எழுந்து நாலைந்து நிமிடம் கழித்து ஒளி நுழைகிறது. கட்டிய காலத்தில் எழுந்த உடனேயே நுழைந்து, அறையின் பின்சுவர் வரை போயிருக்கும். துளை இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய அளவில் இருக்கிறது. கட்டியவர்கள் பல குளிர்காலம் பார்த்து, குறி வைத்து, பிறகுதான் கல்லை நட்டிருக்கிறார்கள்.

சரி, ஒரு கல்லறை இப்படி. மற்றவை? இந்தக் கேள்வியை உங்களில் ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஐரோப்பாவில் சுமார் 35,000 பெருங்கற்சின்னங்கள் இருக்கின்றன. நியூகிரேஞ்சிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஃபோர்நாக்ஸ் என்று ஒரு நடைவழிக் கல்லறை. அதன் வாய் வடக்கை ஒட்டிய வடகிழக்கில் இருக்கிறது, அங்கே சூரியன் எந்த நாளும் உதிக்காது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவில் மேஸ்ஹோ கல்லறைக்குள் குளிர்கால மாலை வெயில் போகிறது. அது உதயம் இல்லை, அஸ்தமனம். தெற்கு பிரான்சில் ஆர்ல் நகரை ஒட்டிய ஃபோன்வியெய் கல்லறைகளும் மேற்கு பார்த்தவை.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், பயப்படாதீர்கள். நியூகிரேஞ்ச் இருக்கும் அட்சரேகையில் சூரியன் உதிக்கும் இடம் ஒரு வருஷத்தில் வடக்கிலிருந்து 46 பாகை முதல் 133 பாகை வரை ஊசலாடும். ஏறத்தாழ 87 பாகை அகலம். மறையும் பக்கத்திலும் அதே 87. கூட்டினால் 174. முழு வட்டமே 360 தான். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு திசையில் நீங்கள் ஒரு கல்லறை கட்டினாலும், ஏதாவது ஒரு நாளின் உதயமோ அஸ்தமனமோ அதற்கு நேரே வருவதற்குக் கிட்டத்தட்ட இரண்டில் ஒரு வாய்ப்பு. அதோடு நிலவு உதித்து மறையும் எல்லைகளையும், பிரகாசமான நட்சத்திரங்களையும் சேர்த்துக்கொண்டால் எதையும் எதோடும் பொருத்திவிடலாம். பத்துக் கற்கள் நிற்கும் ஒரு வட்டத்தில், ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்கு என்று 90 திசைகள் எடுக்கலாம். அதில் ஒன்றிரண்டு எங்காவது போய்ப் பொருந்தாமல் இருந்தால்தான் அதிசயம்.

அப்படியானால் எல்லாமே தற்செயலா? இல்லை. இதற்குச் சரியான பதில் சொன்னவர் கேம்பிரிட்ஜின் வானவியல் வரலாற்றாசிரியர் மைக்கேல் ஹாஸ்கின். ஒரு கல்லறையை வைத்துக்கொண்டு வியக்காமல் கையில் திசைகாட்டியோடு ஊர் ஊராகப் போனார். ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் ஐபீரியாவிலும் மத்தியதரைக் கடல் தீவுகளிலும் ஆயிரக்கணக்கான கல்லறைகளின் வாயில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அளந்தார். போர்ச்சுகலின் அலென்தெஜோ பகுதியிலும் அதை ஒட்டிய ஸ்பெயினிலும் ஏழு நிமிர்கற்களால் அறை அமைத்த கல்திட்டைகள் உண்டு, அங்கே 'அந்தா' என்பார்கள். அப்படிப்பட்ட 177 திட்டைகளை அளந்தார். 177-உம் சூரியன் உதிக்கும் எல்லைக்குள் மட்டுமே பார்க்கின்றன. அந்த அட்சரேகையில் அது வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு. ஒரு பகடையை 177 தடவை உருட்டி ஒவ்வொரு தடவையும் அதே பக்கம் விழுவதற்கு எவ்வளவு வாய்ப்போ அவ்வளவுதான் இது தற்செயலாக இருப்பதற்கு வாய்ப்பு.

ஆனால் அந்த 177-இல் எல்லாம் கதிர்த்திருப்ப நாளைப் பார்ப்பதில்லை. அந்த எல்லைக்குள் பரந்து கிடக்கின்றன. வேலை தொடங்கிய அன்று சூரியன் எங்கே உதித்ததோ அந்தப் பக்கம் வாயில் வைத்திருப்பார்கள், அறுவடை முடிந்து கை ஓய்ந்த மாதங்களில் தொடங்கியிருப்பார்கள் என்பது ஹாஸ்கினின் ஊகம். ஐரோப்பாவின் பழைய தேவாலயங்கள் பலவும் கிழக்கு நோக்கி நிற்பது இப்படி ஒரு மரபால்தான், பாதிரியார்கள் வானவியலாளர்களாக இருந்ததால் இல்லை. 'இறந்தவர் உதயத்தைப் பார்த்துக் கிடக்க வேண்டும்' என்று ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாக, ஒருவர்கூட மீறாமல் கடைப்பிடித்திருக்கிறது. இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு டிரோன் காட்சியும் தேவையில்லை, ஒரு வரைபடம் போதும்.

வேறு இடங்களில் காணும் மீறல்களும் சுவையானவை. ஸ்பெயினின் அந்தெகெரா ஊரில் மெங்கா என்று ஒரு மாபெரும் கல்லறை. அதன் கூரைக்கல் ஒன்றே சுமார் 150 டன் என்று மதிப்பிடுகிறார்கள். கி.மு. 3800-க்கும் 3600-க்கும் இடையே கட்டியது. அதன் வாயில் வடகிழக்கு பார்க்கிறது, சூரிய உதய எல்லைக்கு வெளியே. நேர் எதிரே என்ன தெரிகிறது என்றால், மல்லாந்து படுத்த மனித முகம் போல ஒரு தனி மலை. காதலர் பாறை என்று ஊரார் அழைப்பது. பக்கத்திலேயே இருக்கும் வியெரா கல்லறையோ வழக்கப்படி உதயத்தைப் பார்க்கிறது. ஒரே ஊர், ஒரு கல்லறைக்குச் சூரியன், இன்னொன்றுக்கு மலை. வானம் மட்டும்தான் அவர்கள் மனதில் இருந்தது என்று நினைப்பவர்களுக்கு மெங்காவைக் காட்ட வேண்டும்.

உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. இந்த மோகம் பெரிய மனிதர்களையும் பிடித்து ஆட்டியிருக்கிறது. ஹீலியத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரும், 'நேச்சர்' இதழை நிறுவியவருமான நார்மன் லாக்கியர் 1901-இல் ஸ்டோன்ஹெஞ்சின் வயதை வானவியல் கொண்டு கணக்கிட்டார். கோடைக் கதிர்த்திருப்ப உதயம் காலப்போக்கில் இம்மியளவு நகர்கிறதல்லவா, அதைக் கொண்டு கி.மு. 1680, கூடக் குறைய 200 ஆண்டு என்றார். கணக்கில் பிழை இல்லை. கற்களின் அச்சுக்கோடு அவ்வளவு கூர்மையாகக் கிடைக்காததால் தூரத்துச் சிட்பெரி குன்றைக் குறியாக எடுத்துக்கொண்டார், கட்டியவர்கள் அந்தக் குன்றைக் குறிவைத்தார்கள் என்பதற்குச் சான்று கிடையாது. இன்று கதிரியக்கக் கார்பன் முறைப்படி அந்தப் பெருங்கற்களை நட்டது கி.மு. 2500 வாக்கில்.

அடுத்து 1963-64. வானவியலாளர் ஜெரால்டு ஹாக்கின்ஸ் ஸ்டோன்ஹெஞ்சின் புள்ளிகளை ஐபிஎம் கணினியில் ஏற்றி, அதுவே ஒரு கற்காலக் கணினி என்றார். அங்கே வட்டமாகத் தோண்டிய 56 ஆப்ரே குழிகள் கிரகணம் கணிக்க என்றார். தொல்லியலாளர் ரிச்சர்டு அட்கின்சன் காட்டமாக மறுத்தார். வெவ்வேறு நூற்றாண்டுகளில் தோண்டியதையும் நட்டதையும் ஒரே கட்டுமானமாகப் பாவித்தது முதல் தவறு. அந்தக் குழிகளில் பலவற்றில் கிடைத்தது எரித்த மனித எலும்பு. கற்கள் நிமிர்வதற்கு 500 ஆண்டு முன்பே, கி.மு. 3000 முதலே அது இடுகாடு. இங்கேயும் கல்லறைதான் முதலில்.

ஸ்டோன்ஹெஞ்சின் அச்சு ஒரு பக்கம் கோடை உதயத்தையும் மறுபக்கம் குளிர்கால அஸ்தமனத்தையும் நோக்குவது உண்மை, அதை யாரும் மறுக்கவில்லை. அவர்களுக்கு முக்கியமானது குளிர்காலம்தான் என்று நினைக்கக் காரணம் கூட வானத்திலிருந்து வரவில்லை, பன்றிப் பல்லிலிருந்து வந்தது. அருகிலுள்ள டரிங்டன் வால்ஸ் குடியிருப்பில் விருந்துக்கு அறுத்த பன்றிகளில் நிறையவை ஒன்பது மாதக் குட்டிகள். வசந்தத்தில் பிறந்தவை என்றால் அறுத்தது நடுக்குளிரில். ஒரு காணொளிக்கு இதைவிட நல்ல துப்பறியும் காட்சி கிடைக்குமா, சொல்லுங்கள்.

ஆக்ஸ்போர்டின் பொறியியல் பேராசிரியர் அலெக்சாண்டர் தாம் இவர்களில் நான் மிகவும் மதிப்பவர். பல பத்தாண்டுகள் நூற்றுக்கணக்கான கல்வட்டங்களை அளந்து வரைந்தார், அந்த வரைபடங்கள் இன்றும் உதவுகின்றன. ஆனால் வடமேற்கு பிரான்சிலுள்ள பிரிட்டனியின் லோக்மரியாக்கெர் ஊரில் உடைந்து கிடக்கும் 20 மீட்டர் நெடுங்கல்லை, சுற்றுவட்டாரத்திலிருந்து நிலவின் எல்லைகளை நுணுக்கமாகக் குறிக்கும் கம்பம் என்றார். 1980-களில் அங்கே ஒரு விஷயம் வெளிப்பட்டது. காவ்ரினி தீவுக் கல்லறையின் கூரைக்கல்லும், லோக்மரியாக்கெர் கல்லறை ஒன்றின் கூரைக்கல்லும் ஒரே பெரிய நெடுங்கல்லின் துண்டுகள். ஒன்றில் பாதியாக நின்ற மாட்டின் உருவம் மற்றதில் தொடர்கிறது. நெடுங்கற்களைக் கற்கால மக்களே ஒரு கட்டத்தில் சாய்த்து, துண்டுகளைக் கல்லறைக்குக் கூரையாக்கியிருக்கிறார்கள். தலைமுறைக் கணக்கில் நிலவை அளக்க நட்ட கருவியை யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். பிறகு கிளைவ் ரகில்ஸ் என்ற ஆய்வாளர் மேற்கு ஸ்காட்லாந்தில் முன்கூட்டியே விதி வகுத்துக்கொண்டு திரும்ப அளந்தபோது, அலெக்சாண்டர் தாம் சொன்ன நுணுக்கம் கரைந்துபோனது. தோராயமான நாட்டம் மட்டும் மிஞ்சியது.

இனி 'யார் சொல்லிக் கொடுத்தது' என்ற உங்கள் கேள்வி. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அறிஞர்களே இதைக் கேட்டார்கள். எலியட் ஸ்மித் எல்லாம் எகிப்திலிருந்து போனது என்றார். கார்டன் சைல்டு கிழக்கு மத்தியதரைக் கடலிலிருந்து ஒரு மதம் போலப் பரவியது என்றார். கதிரியக்கக் கார்பன் காலக்கணிப்பு வந்து, 1960-களில் மரவளையங்களைக் கொண்டு அதைத் திருத்தியபோது அந்தக் கட்டடம் சரிந்தது. 'குரு' என்று நினைத்த பிரமிடைவிடச் 'சீடர்' மூத்தவர். பிரிட்டனியில் பார்னெனே என்று 72 மீட்டர் நீளக் கற்குவியல், உள்ளே 11 கல்லறை அறைகள், தொடக்கம் கி.மு. 5-ஆம் ஆயிரத்தாண்டில். 1955-இல் ஒரு ஒப்பந்ததாரர் ரோடு போட ஜல்லிக்காக அதை வெட்ட ஆரம்பித்ததால்தான் அறைகள் வெளியே தெரிந்தன. (இந்த விஷயத்தில் உலகம் எங்கும் ஒன்றுதான்.)

2019-இல் ஸ்வீடனின் பெட்டினா ஷூல்ஸ் பால்சன் 2,410 கார்பன் காலங்களைத் தொகுத்து, இந்தக் கல்லறைக் கட்டும் வழக்கம் கி.மு. 4500 வாக்கில் வடமேற்கு பிரான்சில் தொடங்கிக் கடல்வழியாகப் பரவியது என்றார். பல இடங்களில் தனித்தனியே தோன்றியது என்போரும் உண்டு, வழக்கு முடியவில்லை. கட்டியவர்கள் யார் என்பதில் மட்டும் குழப்பம் இல்லை. இன்றைய துருக்கியான அனத்தோலியாவிலிருந்து விதையும் ஆடுமாடுமாக வந்து குடியேறிய உழவர்களின் வழிவந்தவர்கள் என்று மரபணு ஆய்வு காட்டுகிறது. பருவம் பார்த்து விதைக்கிறவனுக்குச் சூரியன் எங்கே திரும்புகிறது என்று யாரும் விண்வெளியிலிருந்து வந்து சொல்ல வேண்டாம்.

குமரிக்கண்டத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நம் ஊர்க் கல்வட்டங்களும் கல்திட்டைகளும் இரும்பு புழங்கிய மக்களுடையவை, பிரிட்டனிக்காரர்களிடம் இருந்தது மெருகேற்றிய கற்கோடரி. இரண்டையும் இணைக்கும் சான்று ஒன்றும் இல்லை. உருவம் ஒத்திருப்பதற்குக் காரணம், பெரிய பலகைக்கற்களை வைத்து ஓர் அறை கட்ட நிறைய வழிகள் கிடையாது என்பதுதான்.

இன்னொன்றைச் சொல்லத் தயக்கம், தம்ப்நெயில் போட்டுவிடுவீர்கள். நியூகிரேஞ்சுக்குப் பக்கத்து மேடான டவுத் பற்றி ஒரு பழைய அயர்லாந்துக் கதை உண்டு. ஒரு மன்னன் வானுயர மேடு கட்ட ஒரே நாளுக்கு ஆட்களைத் திரட்டினான். வேலை முடியும்வரை சூரியன் நகராதபடி அவன் தங்கை மந்திரத்தால் நிறுத்தினாள். மன்னன் தங்கையோடு கூடினான், மந்திரம் உடைந்து இருள் சூழ்ந்தது. 2020-இல் நியூகிரேஞ்ச் அறையில் கிடைத்த ஓர் ஆணின் மரபணுவைப் படித்தபோது, அவனுடைய பெற்றோர் உடன்பிறந்தவர்களாகவோ பெற்றோரும் பிள்ளையுமாகவோ இருந்தது தெரிந்தது. கதையை ஏட்டில் எழுதியதற்கும் அவன் வாழ்ந்ததற்கும் இடையே நாலாயிரம் ஆண்டு. ஒரு மனிதனின் எலும்பை வைத்து 'தெய்வ மன்னர் பரம்பரை' என்று சொல்ல முடியாது எனத் தொல்லியலாளர்களே எச்சரிக்கிறார்கள். இதைச் சொன்னால் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான் கேட்பது அதிகம் இல்லை. அடுத்த காணொளியில் எலும்புகளைக் காட்டுங்கள். ஒரு கல்லறை ஒரு திசையைப் பார்க்கிறது என்றால், அதே வகையில் எத்தனை கல்லறைகளை அளந்தார்கள், அவற்றில் எத்தனை அப்படிப் பார்க்கின்றன என்று தேடிச் சொல்லுங்கள். வானாய்வகம் என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள், பார்வை எண்ணிக்கை கொஞ்சம் குறையலாம். முடிந்தால் நம் மாவட்டத்துக் கல்திட்டைகளுக்குத் திசைகாட்டியோடு ஒரு நடை போய் வாயில்களை அளந்து காட்டுங்கள், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளதைத் தொடாமல், நகர்த்தாமல்.

நியூகிரேஞ்ச் உதயத்தை அயர்லாந்தின் பொதுப்பணித் துறை பல ஆண்டுகளில் நேரலையாகக் காட்டியிருக்கிறது. அங்கே காலை 8.58, நமக்குப் பிற்பகல் இரண்டரை மணி. இந்த டிசம்பரிலும் காட்டினால் முழுதாகப் பார்த்துவிட்டு வசனம் எழுதுங்கள். மேகம் மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது, பாய்ன் பள்ளத்தாக்கில் அது அடிக்கடி நடப்பதுதான்.

இப்படிக்கு,
உங்கள் காணொளிகளைத் தொடர்ந்து பார்க்கும் ஒரு வான்நோக்கி